மந்திரிக்க ஒரு ரிவால்வர்

1

கலியாண நாளுக்கு என்ன வேண்டும் என்று என் கணவர் யூட் கேட்டது போன வருடம், ஒரு புதன்கிழமை பின்னேரம். புதன்கிழமைகளில் அவருக்கு லீவு. வியா மக்வேதா என்கிற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் மற்ற நாட்களில் ஊருக்கெல்லாம் சமைக்கிற மனிதர், அன்றைக்கு மட்டும் எங்களுக்குச் சமைப்பார். தேங்காய்ப்பூவைச் சட்டியில் போட்டு வறுத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார். கைச்சங்கிலி, புது ஃபோன், குளிருக்கு நல்ல கோட் என்று சில விடைகளையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

நான் பல நாட்களாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனத்தைச் சொன்னேன்.

"எனக்கு ஒரு ரிவால்வர் வேணும்."

யூட் அகப்பையை நிறுத்தவில்லை. தேங்காய்ப்பூ கருகிவிடக் கூடாது என்பது அவருக்கு முதல் கவலை. அடுப்பைத் தணித்துவிட்டுத்தான் கேட்டார்.

"ஆரை?"

யாரையும் இல்லை, பேப்பரை என்றேன். வட்டம் வட்டமாகக் கோடு போட்ட பேப்பர். அதற்கு நடுவில் சுட வேண்டும். அவ்வளவுதான். யூட் தலையாட்டிவிட்டு மிளகாயை எடுத்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பெரிய விசயங்கள் எல்லாம் இப்படித்தான் தொடங்கும்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு என்னைத் தெரியாது, ஆகவே சொல்லிவிடுகிறேன். நான் மன்னார்ப் பக்கம். உயர்தரத்தில் வர்த்தகம் படித்து, கூட்டுறவு வங்கியில் கொஞ்சக் காலம் வேலை பார்த்து, யூட்டைக் கட்டிக்கொண்டு இத்தாலியில் சிசிலித் தீவின் பலெர்மோவுக்கு வந்தவள். சீசா என்கிற பகுதியில் மூன்றாம் மாடியில் வீடு. காலையில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கைத் துப்புரவு செய்கிறேன். மத்தியானம் மகள் ரெபேக்காவைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டி வருகிறேன். வெளிக்கிட்டால், காஸைப் பூட்டினேனா என்று படியில் நின்று யோசித்து, திரும்ப ஏறிப் பார்த்துவிட்டு, இறங்கும்போது கதவைப் பூட்டினேனா என்று யோசிக்கிற ஆள். ரெபிக்குக் காய்ச்சல் என்றால், வெப்பமானி பிழையோ என்று இன்னொன்று வாங்கி, இரண்டும் இரண்டு விதமாய்க் காட்ட, எது சரி என்று அறிய மூன்றாவதும் வாங்கியவள். இப்படிப்பட்ட ஒருத்திக்கு யார் துப்பாக்கி கொடுப்பார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

2

எல்லாம் ஒரு பஞ்சு ஆமையால் வந்தது.

எங்கள் பகுதித் தேவாலயத் திருநாளுக்குத் தெருவில் கடைகள் போட்டிருந்தார்கள். காற்றுத் துப்பாக்கியால் டப்பாக்களைச் சுட்டு விழுத்தினால் பொம்மை கிடைக்கும். ரெபிக்குப் பச்சை ஆமை ஒன்றின் மேல் கண். நான் சுட்ட முதல் சூடுகள் எல்லாம் இடப்பக்கமாகப் போயின. வழக்கம்போல என் பிழை என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால், ஒவ்வொன்றும் ஒரே அளவுக்கு இடப்பக்கம் போகிறது. என் பிழைகள் இவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை. அந்த அளவுக்கு வலப்பக்கம் தள்ளிக் குறிபார்த்தேன். டப்பாக்கள் வரிசையாக விழுந்தன. கடைக்காரர் ஆமையைத் தந்த விதத்தில், அது அவருடைய சொந்தப் பிள்ளையோ என்று நினைக்க வேண்டியிருந்தது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் தனியேலா, ரெபியின் வகுப்புத் தோழியின் தாய். நகரின் மற்றப் பக்கம் ஒரேத்தோவில் பிறந்து, கலியாணத்தால் எங்கள் பக்கம் வந்தவள். மருந்துக்கடையில் வேலை, சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே மலையடியில் உள்ள ஒரு சுடும் கழகத்தில் சூட்டுப் பயிற்சி. அடுத்த சனிக்கிழமை என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

நான் ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு வருவதாகத்தான் போனேன். ஆனால் அங்கே உள்ள நடைமுறையைக் கேளுங்கள். ரிவால்வரைக் கையில் எடுத்தவுடன் உருளையைத் திறக்க வேண்டும். ரவை போடும் குழிகள் எல்லாம் வெறுமையா என்று பார்க்க வேண்டும். விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் நிற்பவருக்குக் காட்ட வேண்டும். அவரும் பார்த்து "வுவோத்தா", வெறுமை, என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மேசையில் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தால், இப்போதுதானே பார்த்தோம் என்று விட முடியாது. மறுபடி முதலில் இருந்து. பார்க்காதவரை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. சின்ன வயதில் இருந்து எல்லோரும் திருத்தப் பார்த்த என் குணத்தை, இங்கே சட்டம் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

பிஸ்டல் எனக்குப் பிடிக்கவில்லை. அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று சுலபமாகத் தெரியாது. ரிவால்வர் அப்படியில்லை, திறந்தால் அதன் குழிகளுக்கூடாக அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும், ஒளிக்க இடமே இல்லை. சுடும்போதும் அவசரம் இல்லை. ஒரு ரவை, ஒரு மூச்சு, பிறகு அடுத்தது. அந்த ஒரு மணித்தியாலத்தில் நான் காஸைப் பற்றியோ, காய்ச்சலைப் பற்றியோ, பெர்மெஸ்ஸோ என்கிற எங்கள் வதிவிட அனுமதி முடியும் திகதியைப் பற்றியோ யோசிக்கவில்லை. நெஞ்சு தன் பாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து படியில் ஏறும்போதுதான் அதைக் கவனித்தேன், உடனே எனக்கு ஏதும் வருத்தமோ என்று பயந்தேன்.

3

நான் வாங்க நினைத்ததற்குக் காரணம் ஆடம்பரம் அல்ல. கழகத்தில் வாடகைக்கு இருந்தது ஒரேயொரு ரிவால்வர். அதன் பிடி ஓர் இறைச்சிக்கடைக்காரரின் கைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கும். என் சுட்டுவிரல் விசையை எட்டவே ஒரு பயணம் போக வேண்டும்.

ஆனால் இந்த நாட்டில் ரிவால்வர் வாங்க முதலில் கடுதாசி வேண்டும். கழகத்தில் பயிற்சி எடுத்ததற்கு ஒன்று, குடும்ப வைத்தியரிடம் ஒன்று, அரச வைத்தியரிடம் இன்னொன்று, கடைசியில் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் போர்த்தோ தார்மி என்கிற அனுமதி. வீட்டில் கூட இருக்கும் வளர்ந்தவர்களுக்கு விசயத்தைத் தெரியப்படுத்தியிருக்கவும் வேண்டும். நான்தான் தேங்காய்ப்பூ வறுபடும்போதே தெரியப்படுத்திவிட்டேனே.

எங்கள் குடும்ப வைத்தியருக்கு என்னை நன்றாகத் தெரியும். முப்பத்தேழு பாகை சூட்டுக்கெல்லாம் அவருக்கு ஃபோன் எடுத்தவள் நான். எனக்குப் பதற்றம் உண்டா என்று அவர் கேட்க வேண்டிய இடம் வந்தது. பொய் சொல்ல எனக்குத் தெரியாது. ஓம், நிறைய, என்றேன். உதாரணங்களும் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பதற்றத்தில் எப்போதாவது ஏதாவது செய்திருக்கிறேனா என்று கேட்டார். திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறேன், என்றேன். பலெர்மோவில் எல்லோரும் திரும்பப் போய்ப் பார்க்கிறவர்களாக இருந்தால் தன் வேலை பாதியாகிவிடும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

குவெஸ்தூராவுக்கு இத்தனை வருடமும் நாங்கள் போனது இந்த நாட்டில் இருக்க விடுங்கள் என்று கேட்க. அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலே என் குரல் ஒரு படி இறங்கிவிடும். இந்த முறை விளையாட்டுக்காக ஒன்று கேட்கப் போயிருக்கிறேன் என்பதை என் குரலுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. யன்னலுக்குள் இருந்தவர் இது கணவருக்கா என்று கேட்டார். எனக்கு என்றேன். அவர் என் பெயரைத் திரும்ப வாசித்தார், என்னைத் திரும்பப் பார்த்தார், பிறகு பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் எனக்கு வெற்றி உண்டாகட்டும் என்று வாழ்த்தினார்கள்.

இடையில் ரெபியின் ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். அம்மா என்ன வேலை செய்கிறார் என்று வகுப்பில் கேட்டதற்கு ரெபி சிசிலிக்காரரின் இராகத்தில், "காலையில் துடைப்பாள், சனிக்கிழமையில் சுடுவாள்" என்று சொல்லியிருக்கிறாள். நான் அனுமதிக்கு விண்ணப்பித்த இரசீதைக் கொண்டுபோய்க் காட்டினேன். ரெபிக்கு வந்த கோபம் எல்லாம், நான் ஆசிரியையோடு கதைத்த இத்தாலியனில் வினைச்சொற்கள் பிழை என்பதுதான். வீட்டுக்கு வரும் வழி முழுதும் திருத்திக்கொண்டே வந்தாள். தமிழில் ஒரு சொல் வரவில்லை.

ஊரில் அம்மாவுக்கும் சொன்னேன். வீடியோவில் அவர் முகம் அசையாமல் நின்றது; சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை.

"உதிலையிருந்து தப்பத்தானே பிள்ளை உன்னை அங்கை அனுப்பினது" என்றார். பிறகு, விளையாட்டுத்தானே என்றால் பூப்பந்து இல்லையா அந்த நாட்டில் என்று கேட்டார்.

4

அனுமதி கைக்கு வந்த அன்றுதான் யூட் தன் நிபந்தனையைச் சொன்னார். மெதுவாக, புன்சிரிப்போடு.

"வாங்கும். ஆனால் சுவாமி மந்திரிக்க வேணும். மந்திரிக்காமல் ஒரு சாமானும் நாங்கள் வீட்டுக்கை எடுத்ததில்லைத்தானே."

அதில் பொய் இல்லை. வேதக்காரருக்கு, கிறிஸ்தவர்களுக்கு, இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வள்ளம் வாங்கினால் சுவாமியாரைக் கூப்பிடுவார்கள். வலை, வீடு, மோட்டார் சைக்கிள், தையல் மெஷின், எதுவானாலும் அவர் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்த பிறகுதான் பாவிப்பு. தெளித்து முடிந்தால் அயலுக்கு ரோல்ஸும் தேத்தண்ணியும். பலெர்மோவிலும் அதை விடவில்லை. எங்கள் பழைய ஸ்கூட்டர், குளிர்சாதனப் பெட்டி, ரெபியின் முதல் புத்தகப்பை எல்லாம் மந்திரித்தவைதான். ஆகவே ரிவால்வரையும் மந்திரிக்க வேண்டும் என்று ஒரு மனிதர் சொன்னால், நான் எப்படி மறுப்பது?

ஆனால் யூட் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அவர் முல்லைத்தீவு. கடைசிச் சண்டை முடியும்வரை அங்கேயே இருந்தவர். அதைப்பற்றி அவர் கதைப்பதில்லை, நானும் கிண்டுவதில்லை. இந்த ஊரில் திருநாள் என்றால் காலையிலேயே வெடி கொளுத்துவார்கள். அந்த நாட்களில் யூட் யன்னல்களைச் சாத்திவிட்டு, மிக்ஸியை உள்ளே ஒன்றும் போடாமல் ஓடவிடுவார். நானும் ரெபியும் அதைக் காணாததுபோல மேசையில் இருந்து சாப்பிடுவோம்.

அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டு விட்டிருப்பேன். சொல்லவில்லை. என்னிடம் வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல், அந்த வேலையைச் சுவாமியாரின் தலையில் போட்டார். என் நிலைமையும் அதைப் போலத்தான். நெஞ்சு அமைதியாக இருக்கிற அந்தச் சனிக்கிழமை மணித்தியாலம் எனக்கு வேண்டும். அதை யூட்டின் நித்திரையைக் கொடுத்து வாங்கவும் மனம் இல்லை.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் சுவாமியாரிடம் போனேன். எங்கள் சுவாமி ஊரில் தீவுப் பக்கத்தவர், என்னைவிட வயது குறைந்தவர். ஆனாலும் சுவாமி சுவாமிதான். நான் விசயத்தைச் சொன்னதும் அவர் சுற்றிவரப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் முதலில் கேட்ட கேள்வி இது:

"பாரமோ?"

ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும் என்றேன். சின்ன வயதில் எங்கு பார்த்தாலும் துவக்குத்தான், ஆனால் ஒருநாளும் தொட்டதில்லை என்றார். பிறகு தான் சுவாமியார் என்பது நினைவுக்கு வந்து செருமிக்கொண்டார். செபப் புத்தகத்தில் வாகனத்துக்கு இருக்கிறது, தொழிற் கருவிக்கு இருக்கிறது, விளையாட்டுக்கும் ஒன்று இருக்கிறது, துவக்குக்குத் தான் தேடிப் பார்த்ததில்லை என்றார். பிறகு யூட் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"நீங்கள் மந்திரிச்சால் சரியாம், சுவாமி."

"நான் மாட்டன் எண்டு நம்பித்தான் சொல்லியிருக்கிறார்."

"ஓம் சுவாமி, எனக்கும் அப்பிடித்தான் படுது."

"அப்ப யூட்டையே என்னட்டைக் கேக்கச் சொல்லுங்கோ. அவர் தன்ரை வாயாலை வாங்கோ எண்டு கேட்டால் வாறன். இல்லாட்டில் இல்லை."

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். யூட் வாய்விட்டுச் சிரித்தார். சுவாமி கெட்டிக்காரர் என்றார். ஆனால் ஃபோனை எடுக்கவில்லை. அந்தக் கிழமையும் எடுக்கவில்லை, அடுத்த கிழமையும் இல்லை.

5

பார்க்கிறதுக்குக் காசில்லையே என்று சொல்லி, ஒரு பின்னேரம் கடைக்குப் போனோம். எங்கள் ஆட்களுக்குப் பெரிய சாமான் வாங்கத் தனியே போய்ப் பழக்கமில்லை. கூறைச்சேலை எடுக்கப் போவதுபோலக் குடும்பமாய்ப் போனோம்: நான், யூட், ரெபி, துணைக்குத் தனியேலா. வேட்டைச் சாமானும் மீன்பிடிச் சாமானும் சேர்த்து விற்கிற கடை. கடைக்காரர் பீப்போ எங்கள் கழகத்திலும் அங்கத்தவர். ஆனாலும் கதவால் ஒரு குடும்பமே வரிசையாக வந்ததைப் பார்த்து, யாரோ தவறிப்போய் இருக்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து நின்றார்.

முதலில் அவர் எடுத்து வைத்தது குட்டையான ஒன்று. பெண்களுக்கு வசதி, கைப்பைக்குள் அடங்கும் என்றார். என் கைப்பைக்குள் ரெபியின் பிஸ்கட்டும் ஈரத் துணியும் எங்கள் மூன்று பேரின் கடுதாசிகளும் ஏற்கனவே நெரிபட்டுக்கொண்டிருக்கின்றன. நான் அது சுமக்கிறதுக்கு அல்ல, குறிபார்க்க என்றேன். குறிபார்க்கக் குழல் நீளமாக இருக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் உள்ள குறிமுனைகளுக்கு இடையில் தூரம் கூடக்கூட, கையின் சின்னப் பிழையும் கண்ணுக்குத் தெரியும். என் பிழைகளைப் பெரிதாக்கிக் காட்டும் சாமான்தான் எனக்குச் சரி.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. நான் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன், தடவினேன், தனியேலாவுக்குக் காட்டினேன். பாவித்தவை என்றால் உருளை ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தேன். பிடியை என் கைக்கு வைத்துப் பார்த்தேன். விசையை இழுக்கும் பாரத்தைப் பார்த்தேன். எடுத்ததைத் திரும்ப எடுக்கச் சொன்னேன். சேலைக் கடையில் மேசை நிறைய விரித்துப் போட்டுவிட்டு முதலில் பார்த்ததைக் கேட்கிற மாமியார்களை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன்! ரெபி ரோஸ் நிறத்தில் இருக்கிறதா என்று கேட்டாள். பீப்போ ரோஸ் நிறம் போன கிழமைதான் முடிந்தது என்று மரியாதையாகப் பதில் சொன்னார்.

கடைசியில் இரண்டு மிஞ்சின, இரண்டும் நீளக் குழல், இரண்டும் பாவித்தவை. ஒன்று முப்பத்தெட்டு, மற்றது இருபத்திரண்டு. ரவையின் பருமனை வைத்து அப்படிச் சொல்வார்கள். முப்பத்தெட்டு பெரிய ரவை, பெரிய உதைப்பு, பெரிய சத்தம்; ஆனால் பாரமான இரும்பு, கையில் எடுத்தால் ஆணியடித்ததுபோல நிற்கும். இருபத்திரண்டு சின்ன ரவை, உதைப்பே இல்லை, தொடக்கக்காரருக்கு நல்லது. தனியேலா இருபத்திரண்டு என்றாள். என் மனம் முப்பத்தெட்டில் நின்றது.

யூட்டைத் தேடினேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தூண்டில் தடிகள் இருந்த மூலையில் நின்றார். ஒவ்வொரு தடியையும் எடுத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பீப்போ போய் அவரோடு எந்த மீனுக்கு எந்தத் தடி என்று கதைக்கத் தொடங்கினார், யூட்டும் உற்சாகமாகக் கதைத்தார். மேசைப்பக்கம் மட்டும் அவர் திரும்பவே இல்லை.

வருகிற சனிக்கிழமை இரண்டையும் கழகத்துக்குக் கொண்டுவருவதாகவும், சுட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றும் பீப்போ சொன்னார். வரும் வழியில் யூட் சொன்னார், தானும் வருவதாக. நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் வராமல் விட்டுவிடுவார்.

6

சனிக்கிழமை ரெபியைத் தனியேலாவின் வீட்டில் அவள் கணவரிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் போனோம். சுடும் இடம் திறந்தவெளி; நாங்கள் நிற்கும் பகுதிக்கு மட்டும் கூரை. பின்னால் ஒரு கண்ணாடித் தடுப்பும், அதற்கு அப்பால் பார்க்க வந்தவர்கள் இருக்க ஒரு நீள வாங்கும். யூட்டுக்குக் காதடைப்பு வாங்கிக் கொடுத்து அங்கே இருத்தினேன். அவர் வைத்தியசாலையில் முறைக்குக் காத்திருப்பவர்போல முழங்காலில் கை வைத்துக்கொண்டு இருந்தார்.

முதலில் முப்பத்தெட்டை எடுத்தேன். என்ன சொல்ல! ஒவ்வொரு சூடும் தோளுக்குள் இறங்கி நின்றது. ஆறும் முடிந்து சந்தோசத்தோடு திரும்பினால், வாங்கு வெறுமையாக இருந்தது.

ஓட வேண்டும் போல இருந்தது. ஆனால் ஓட முடியாது. உருளையைத் திறந்து, வெற்றுக் கோதுகளைக் கொட்டி, பார்த்து, தடவி, தனியேலாவுக்குக் காட்டி, அவள் "வுவோத்தா" என்று சொல்லும்வரை நின்றேன். அந்த நடைமுறை எனக்கு முதல் தரமாக நீளமாகத் தெரிந்தது.

யூட் வெளியே, கார்கள் நிற்கும் இடத்தில், கள்ளி வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். காதடைப்பு கழுத்தில் கிடந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவராகத்தான் தொடங்கினார்.

"சத்தம் எனக்குப் பெரிசில்லையப்பா. சத்தம் முடிஞ்சாப் பிறகுதான். ஒரு அமைதி வரும் பாரும், அதுக்குள்ளை ஆரின்ரையாவது குரல் கேக்குமோ எண்டு காதைக் குடுத்துக்கொண்டு நிப்பன். கேட்டாலும் பயம், கேக்காட்டிலும் பயம்."

கலியாணம் கட்டிய இத்தனை வருடத்தில் அவர் இதைப்பற்றி இவ்வளவு சொன்னது அன்றைக்குத்தான். இனி எனக்கு இது வேண்டாம், விடுவோம் என்றேன். மனமாரத்தான் சொன்னேன்.

"பொறும்" என்றார். "நான் எழும்பி வர முந்திப் பாத்தன். உம்மடை தோள் ரெண்டும் இறங்கிக் கிடந்தது. நான் அப்பிடிக் கண்டதே இல்லை. ரெபி பிறந்த அண்டைக்கும் உம்மடை தோள் காதுக்குப் பக்கத்திலைதான் நிண்டது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. இரண்டு பேரும் கள்ளியைப் பார்த்தோம். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

சுடுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. விசையை இழுத்த கணத்தில் குறிமுனை எங்கே நின்றது என்று கைக்குத் தெரியும். ஆகவே பேப்பரைப் பார்க்கும் முன்பே, எந்த வட்டத்தில் பட்டிருக்கும் என்று சொல்லிவிட வேண்டும். நடு வட்டத்துக்குப் பத்து, அதற்கு வெளியே ஒன்பது, எட்டு, ஏழு என்று இறங்கும். தனியேலா சுட்டவுடன் சத்தமாகச் சொல்லுவாள். என்னையும் சொல்லச் சொல்லி மாதக்கணக்காகக் கரைச்சல் கொடுக்கிறாள். நான் சொல்லுவதில்லை. எட்டா, ஒன்பதா, எதற்கும் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுவோமே என்பதுதான் என் வழி.

"சத்தம் முடிஞ்ச உடனை நான் கதைச்சால்?" என்று யூட்டிடம் கேட்டேன்.

"என்னத்தைக் கதைப்பீர்?"

"எத்தினையிலை பட்டதெண்டு கத்திச் சொல்லுறன். என்ரை குரல்தானே கேக்கும்."

அவர் திரும்ப உள்ளே வந்தார், வாங்கில் இருந்தார், கண்ணாடித் தடுப்பின் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தார். காதடைப்பை மாட்டிக்கொண்டு, ஒரு பக்கத்தை மட்டும் விரலால் சற்று விலக்கிப் பிடித்தார்.

இந்த முறை இருபத்திரண்டை எடுத்தேன். பலகையைப் பலகையில் தட்டியதுபோல ஒரு சத்தம்.

"எட்டு!" என்று தமிழில் கத்தினேன். பக்கத்துத் தடத்தில் நின்ற கிழவர் துள்ளி விழுந்தார்.

அடுத்த சூட்டுக்கு எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒன்பது போலவும் இருந்தது, எட்டு போலவும் இருந்தது. யோசித்துக்கொண்டு நின்றேன். காதடைப்பையும் மீறிப் பின்னால் இருந்து யூட்டின் குரல் வந்தது.

"எத்தினை?"

"ஒன்பது!" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு திரும்பப் போய்ப் பார்க்கவும் இல்லை, அடுத்ததைச் சுட்டேன். உருளை வெறுமையாகும்வரை இப்படியே போனது. பேப்பரை இழுத்துப் பார்த்தபோது, சொன்னதில் பெரும்பாலானவை சரி. பிழைத்தவை எல்லாம் நான் குறைத்துச் சொன்னவை. கூட்டிச் சொன்னது ஒன்றும் இல்லை.

இருபத்திரண்டையே எடுப்பதாகப் பீப்போவிடம் சொன்னேன். முப்பத்தெட்டை நான் இன்னும் நினைக்கிறேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சாமானை வீட்டுக்கு எடுக்கும்போது அதோடு இருக்கப் போகிற எல்லோருக்கும் அது பொருந்த வேண்டும். யூட் தன் பங்குக்கு, ரிவால்வரை வைத்துப் பூட்டும் இரும்புப் பெட்டியைச் சமையலறைச் சுவரில் பூட்டுவதா அறைச் சுவரில் பூட்டுவதா என்று பீப்போவிடம் விசாரித்தார். எந்த ஆணி என்றும் கேட்டார். பிறகு வாங்குக்குப் பக்கத்தில் போய் நின்று ஃபோனை எடுத்தார்.

"சுவாமி, யூட் கதைக்கிறன். வாற ஞாயிறு பூசைக்குப் பிறகு வீட்டை ஒருக்கால் வந்திட்டுப் போங்கோ. சாமான் ஒண்டு மந்திரிக்க வேணும். ஓம், அதுதான். ஓம், நான்தான் கேக்கிறன்."

அந்த நேரம் பார்த்துத் தனியேலா முப்பத்தெட்டைச் சுட்டாள். மலையில் பட்டு எதிரொலித்து ஓய்ந்தது. நான் யூட்டைத் திரும்பிப் பார்த்தேன். யூட் ஃபோனைக் காதில் வைத்தபடியே, திறந்திருந்த கதவுப் பக்கம் தலையை நீட்டினார்.

"க்வான்தோ?" என்று கத்தினார். எத்தனை என்று.

தனியேலாவின் காதடைப்பு வெடியை அடக்கிப் பேச்சை மட்டும் உள்ளே விடுகிற வகை. பேப்பரைப் பார்க்காமலேயே, "சேத்தே!" என்றாள்.

"ஏழாம், சுவாமி" என்றார் யூட் ஃபோனுக்குள். "நடுவிலையிருந்து கொஞ்சம் விலத்திப் பட்டிருக்கு. இல்லையில்லை, இது அவவின்ரை சிநேகிதி. என்ரை மனிசி எண்டால் ஒன்பது."